கைதட்டல் எட்டும் தூரம்



சென்ற மாதத் தபாலில் ஒரு நீல இன்லேண்ட் கடிதம் இருந்தது. இன்லேண்டில் எழுதுகிறவர்கள் அருகிவிட்ட காலம் என்பதால் கத்தையில் அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ஊதா மை, வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்கும் வரிகள். எழுதியவர் செகந்திராபாத்தில் வசிக்கும் 78 வயது அம்மா. கணவர் ரயில்வேயில் இருந்தவர்; காலமாகி ஐந்து வருடம் ஆகிறது. பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். கிருத்திகை தவறாமல் பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரிக்கு நடந்தே போய் முருகனைப் பார்த்துவிட்டு வந்தவர். இப்போது முழங்கால் இரண்டும் ஒத்துழைக்கவில்லை. கோயில் படி ஏறி இரண்டு வருடமாகிவிட்டது.

"தம்பி, காலையில் பால்காரர் கதவில் மாட்டியிருக்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். பேப்பர் பையன் கீழிருந்தே வீசுகிறான். சில நாள் சாயங்காலம் போன் வந்து 'ஹலோ' சொல்லும்போதுதான், இன்றைக்கு நான் வாய் திறப்பதே இப்போதுதான் என்று தெரிகிறது. தொண்டை கட்டிக்கொண்டு கிடக்கும். கோயிலுக்கும் போகவில்லை, மனுஷரையும் பார்க்கவில்லை. சாமிக்கு என் ஞாபகம் இருக்குமா?"

கடைசியில் ஒரு வரி: "பதில் எழுத அவசரம் ஒன்றும் இல்லை."

அந்த வரிதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பதில் எதிர்பார்த்துப் பழக்கம் விட்டுப்போனவர்கள்தான் அப்படி எழுதுவார்கள். மூன்று முறை பதில் எழுத உட்கார்ந்தேன். "கடவுள் எங்கும் இருக்கிறார் அம்மா" என்று ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். உண்மைதான், ஆனால் படித்தால் எனக்கே சப்பென்று இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோல்கொண்டாவுக்குப் போனேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சார்மினார், சாலார்ஜங், கோல்கொண்டா என்று கூட்டிப்போய்க் காட்டுவது ஹைதராபாத் தமிழர் எல்லோருக்கும் வழக்கம்தான். தனியாகப் போனது எனக்கு இதுவே முதல் முறை.

போனவர்களுக்குத் தெரியும். நுழைவாயில் விதானத்தின் கீழ் நின்று வழிகாட்டி ஒருவர் கைதட்டுவார். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, குன்றின் உச்சியில் இருக்கும் பாலா ஹிசார் மண்டபத்தில் நிற்பவருக்கு அது கேட்கும். அந்த ஓசை அவ்வளவு உயரத்தில் இருப்பவர் காதில் தெளிவாக விழும்படி அந்த விதானத்தை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். கீழே யாரோ வந்திருக்கிறார்கள் என்று மேலே காவலில் இருப்பவருக்குச் சொல்ல அன்றைக்கு இருந்த தந்தி அதுதான். அன்று ஒரு சின்னப் பெண், ஏழு வயது இருக்கும், தட்டிக்கொண்டே இருந்தாள். மேலே இருந்து அவள் அண்ணன் துண்டை ஆட்டினான். அதைப் பார்த்து அவள் இன்னும் பலமாகத் தட்டினாள்.

ஏறுகிற வழியில்தான் ராமதாசர் சிறை இருக்கிறது. வெளி வெயிலிலிருந்து உள்ளே கால் வைத்ததும் ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது. சன்னமான வெளிச்சம் மேலேயிருந்து இறங்கும். கண் பழகிய பிறகு, சுவரில் செதுக்கிய உருவங்கள் மெல்ல மெல்லப் புலப்படும்: ராமர், லட்சுமணர், அனுமன். குங்குமமும் பூவும் சாத்தியிருக்கும். சிறையில் கிடந்தவர் தம் கையாலேயே செதுக்கியது என்று சொல்லிக் கும்பிடுகிறார்கள். சிற்பியின் கை இல்லை. அது பார்த்ததும் தெரிகிறது. கையில் கிடைத்ததைக் கொண்டு, எதிரில் ஒரு முகம் வேண்டும் என்ற தவிப்பில் ஒரு மனிதர் சுரண்டி எடுத்த கோடுகள் அவை என்றுதான் எனக்குத் தோன்றியது.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்றைய கம்மம் மாவட்டத்து நேலகொண்டபல்லியில் பிறந்த கஞ்சர்ல கோபண்ணாதான் பின்னாளில் பத்ராசல ராமதாசர். கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானாஷாவின் அரசவையில் அக்கண்ணா, மாதண்ணா என்று இரு சகோதரர்கள் பெரிய பொறுப்பில் இருந்தார்கள்; கோபண்ணாவுக்கு அவர்கள் மாமன்மார். அவர்கள் தயவில் பால்வஞ்சா பகுதியின் தாசில்தார் வேலை கிடைத்தது. கோதாவரிக் கரையில் பத்ராசலத்து ராமர் வெட்டவெளியில் இருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், வசூலான வரிப் பணத்தை எடுத்துக் கோயில் கட்டிவிட்டார். கஜானாவுக்குப் போய்ச் சேராத தொகை ஆறு லட்சம் என்பது வழிவழிச் செய்தி. சுல்தான் பிடித்து உள்ளே போட்டார். 12 வருடம்.

அரசுப் பணத்தை எடுத்தது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த 12 வருடத்தைப் பற்றி.

அந்த இருட்டில் அவர் பாடியவை தெலுங்குக் கீர்த்தனைகளாக நம்மிடம் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், எல்லாமே பணிந்து உருகும் பாட்டு இல்லை. பல பாட்டுகள் சண்டை. யார் யாருக்கு என்ன நகை செய்து போட்டேன், எதற்கு எவ்வளவு செலவானது என்று கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ராமனைக் கேள்வி கேட்கிறார். அடி தாங்காமல் கோபத்தில் சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று பிறகு அவரே சமாதானமும் பேசுகிறார். ராமன் மசியவில்லை என்றதும் சீதையிடம் போகிறார். நல்ல நேரம் பார்த்து அவரிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லம்மா என்கிறார். அப்பாவிடம் காரியம் ஆகாவிட்டால் அம்மா வழியாகப் போகிற பிள்ளையின் வழி. பாலமுரளிகிருஷ்ணா அந்தப் பாட்டுகளைப் பாடியதைக் கேட்டால், கைதி ஒருவர் பாடுகிறார் என்பதே மறந்துபோய், பக்கத்து வீட்டுக் குடும்ப வழக்கு காதில் விழுவது போல இருக்கும்.

தமிழருக்கு இது புதிதில்லை. திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் பறிபோன சுந்தரர் என்ன செய்தார்? ஊர் ஊராகத் தடுமாறிக்கொண்டே போய்ச் சிவனிடம் சண்டை போட்டார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றொன்று. திருவாரூரில் அவர் கேட்ட கேள்விகளை நாம் நம் வீட்டுப் பெரியவரிடம் கேட்கத் துணிய மாட்டோம். அவருக்கு வன்தொண்டர் என்று பெயர். நீற்றறையில் ஏழு நாள் அடைபட்ட அப்பர் குளிர்ந்து பாடினார். கண் போன சுந்தரர் கொதித்துப் பாடினார். இரண்டையும் தேவாரம் என்று ஒரே தட்டில் வைத்துத்தான் ஓதுகிறோம்.

ஆகவே, கடிதம் எழுதிய அம்மாவுக்கு என் முதல் பதில் இது. முருகனுடன் சண்டை போடுங்கள். "இரண்டு வருடமாக நான் வரவில்லையே, நீ ஏன் ஒரு எட்டு வரவில்லை?" என்று வாய்விட்டே கேளுங்கள். மனசுக்குள் வேண்டாம், குரல் வெளியே வரட்டும். உங்கள் தொண்டை கட்டிக்கொண்டு கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் அதுதான் மருந்து. காலை காபி ஆறுகிற நேரத்தில் அன்றைய வழக்கை எடுத்து வையுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர் இருந்தால்தானே கோபம் வரும்? சாமி மேல் உங்களுக்கு வருத்தம் இருக்கிறது என்றால், அந்த உறவு அறுந்து போகவில்லை.

ஆனால் கடிதத்தின் பாதிக்குத்தான் இது பதில். "மனுஷரையும் பார்க்கவில்லை" என்ற வரிக்கு நான் இன்னும் வரவில்லை. அதற்கு ராமதாசர் கதையின் முடிவுக்குப் போக வேண்டும்.

12 வருடம் கழித்து ஒரு நள்ளிரவு. ராமோஜி, லட்சுமோஜி என்று பெயர் சொல்லிக்கொண்டு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள், கோபண்ணாவின் கடனைப் பைசா பாக்கியில்லாமல் பொன்னாகக் கொட்டி ரசீது வாங்கிக்கொண்டார்கள், காலையில் சிறைக் கதவு திறந்தது என்பது ஐதீகம். இதைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தச் சிறைக்குள் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. அவர்கள் எங்கே வந்தார்கள்? சிறைக்கு வரவில்லை. சுல்தானின் படுக்கையறைக்குப் போனார்கள். 12 வருடம் கூப்பிட்டவர் அந்த இரவில் தூங்கிக்கொண்டிருந்தார். கூப்பிடாத தானாஷாவுக்குத் தரிசனம் கிடைத்தது. விஷயம் தெரிந்தபோது ராமதாசர் அதற்காகவும் அழுதார் என்றுதான் சொல்வார்கள்.

ஏன் அப்படி? எனக்குப் படுவது இதுதான். பூட்டுக்கு உள்ளே இருந்தவரிடம் சாவி இல்லை. சாவி வைத்திருந்தவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது. அடைபட்டுக் கிடக்கும் ஒருவர் வேண்டிக்கொள்கிற வேண்டுதல், இன்னொருவர் வாசலுக்குப் போய் நிற்கிறது. தனியாக இருப்பவருக்குக் கடவுள் என்ன செய்கிறார் என்று கேட்டால், உங்களையும் என்னையும் எழுப்பப் பார்க்கிறார் என்பதுதான் என் பதில். நடுச்சாமத்தில் திடீரென்று ஒருவர் முகம் ஞாபகம் வருகிறதே, "பாவம், அவரைப் பார்த்து நாளாயிற்று" என்று தோன்றுகிறதே, அதைச் சாதாரண ஞாபகம் என்று புரண்டு படுத்துவிடாதீர்கள்.

தானாஷா எழுந்து கதவைத் திறந்தார். திறந்ததோடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் ராமநவமிக் கல்யாணத்துக்கு முத்து அனுப்பும் வழக்கத்தை அவர் தொடங்கினார் என்பார்கள். இன்றும் மாநில அரசின் சார்பில் பட்டு வஸ்திரமும், கல்யாணத்தில் தூவும் அட்சதையான முத்துத் தலம்பிராலும் பத்ராசலத்துக்குப் போகின்றன. அவருடைய முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1687 செப்டம்பரில், எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு கோல்கொண்டா ஔரங்கசீப் கையில் விழுந்தது. தானாஷாவைத் தௌலதாபாத் கோட்டையில் அடைத்தார்கள். அங்கேயே காலமானார். குதுப்ஷாகி மன்னர்களின் கல்லறைத் தோட்டம் கோல்கொண்டாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசி மன்னர் அதில் இல்லை, எங்கோ குல்தாபாதில் கிடக்கிறார். சிறைக் கதவின் வெளிப்பக்கம் யாருக்கும் நிரந்தரம் இல்லை.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்று. 2021 கோடையில், கொரோனா இரண்டாம் அலையில், எனக்கும் தொற்று வந்தது. மருத்துவமனை போகும் அளவுக்கு இல்லை. பின்கட்டு அறையில் 14 நாள். அம்மாவுக்கு அப்போது 81 வயது, அடுத்த அறை. செல்போனில் பேசினால் அவருக்குக் காது சரியாகக் கேட்காது. முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவரில் டொக் டொக் என்று சத்தம். அம்மா கை மோதிரத்தால் தட்டுகிறார். நான் சாவியால் இரண்டு தட்டு தட்டினேன். அவ்வளவுதான் பேச்சு. மறுநாளும் ஒன்பது மணிக்கு அதே. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ தட்டல் வரவில்லை. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. எனக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஆனால் அந்த ராத்திரி பட்ட பாடு முதல் நாள் காய்ச்சலில்கூடப் படவில்லை. சுவரில் காதை வைத்துக்கொண்டு கந்த சஷ்டி கவசம் முழுவதும் சொல்லி முடித்தேன். விடிந்த பிறகு மனைவி வந்து கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்: "அத்தை நேற்று மாத்திரை போட்டதில் எட்டு மணிக்கே தூங்கிவிட்டார். தட்ட மறந்துவிட்டேனே என்று காலையிலிருந்து புலம்புகிறார்."

எதிர் வீட்டுத் தெலுங்குக்காரர்கள் அந்த 14 நாளும் ஒரு தூக்குவாளியில் மிளகு சாறு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மணி அடித்துவிட்டுப் போவார்கள். அதற்கு முன் எட்டு வருடத்தில் அவர்களுடன் லிஃப்டில் தலையசைத்ததற்கு மேல் நான் பேசியதில்லை. நான் அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்கள் வாசலை யாரோ தட்டியிருக்கிறார்கள் என்றுதான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா இப்போது இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தச் சுவரைக் கடந்து போகும்போது கை தானாக ஒருமுறை தொட்டுவிட்டு வருகிறது.

அதற்கு முந்தைய வருடத்தையும் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 25 முதல் நாடே அடைபட்டது. ஏப்ரல் 2 ராமநவமி. பத்ராசலத்தில் பக்தர் கூட்டமே இல்லாமல் சீதைக்கும் ராமனுக்கும் கல்யாணம் நடந்தது. ஏப்ரல் 12 ஈஸ்டர். செகந்திராபாத் தேவாலயங்களில் பெஞ்சுகள் காலி, பாதிரியார் கேமராவைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார். பிறகு ரம்ஜான், சார்மினார் இருட்டில் நின்றது, இரவுத் தொழுகை வீட்டுக்குள் நடந்தது, ஹலீம் அடுப்புகள் எரியவில்லை. மூன்று மதத்துக்காரர்களுக்கும் ஒரே வருத்தம் வந்த அப்படி ஒரு பருவத்தை இந்த நகரம் என் நினைவில் கண்டதில்லை. பாஷை தெரியாத ஊரில் தகரக் கொட்டகையில் மாட்டிக்கொண்ட வடநாட்டுக் கட்டடத் தொழிலாளர்களின் தனிமை இன்னும் கொடியது. மே 1 அதிகாலையில் லிங்கம்பல்லியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குச் சுமார் 1,200 பேருடன் கிளம்பியதே, அதுதான் அவர்களுக்காக இந்தியாவில் ஓடிய முதல் சிறப்பு ரயில்.

அந்த வருடம் ஆடியில் போனாலுவும் வந்தது. புதிதாக ஹைதராபாத் வந்த வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பானையில் பாலும் வெல்லமும் சேர்த்துப் பொங்கிய சோறு, மேலே வேப்பிலை, மஞ்சள், குங்குமம், உச்சியில் விளக்கு, அதைத் தலையில் சுமந்து பெண்கள் மகாகாளிக்குப் படைக்கும் திருவிழா. நம் ஆடிக் கூழுக்கும் மாவிளக்குக்கும் உடன்பிறப்பு. இது பிறந்ததே ஒரு கொள்ளைநோயில் என்பார்கள். 1813இல் இரட்டை நகரத்தில் பிளேக் பரவி மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, செகந்திராபாத்தைச் சேர்ந்த ராணுவத்தினர் சிலர் உஜ்ஜயினியில் இருந்தார்கள். வீட்டுக்கு வர முடியாது. சேதி மட்டும் வருகிறது. அங்கிருந்த மகாகாளி முன் நின்று, ஊரில் உள்ளவர்களைக் காப்பாற்று, திரும்பியதும் உனக்கு எங்கள் ஊரில் கோயில் எடுக்கிறோம் என்று வேண்டிக்கொண்டார்கள். நோய் தணிந்தது, திரும்பி வந்து சொன்னபடி செய்தார்கள். அதுதான் செகந்திராபாத் உஜ்ஜயினி மகாகாளி கோயில்.

அவர்கள் பத்திரமாகத்தான் இருந்தார்கள், வேண்டுதல் முழுவதும் ஊரில் இருப்பவர்களுக்காக. நோயால் பிறந்த அந்தத் திருவிழாவை 2020இல் நோயின் காரணமாகவே வீட்டோடு கொண்டாடச் சொன்னார்கள். எங்கள் அடுக்ககத்தில் பெண்கள் அவரவர் வாசற்படியில் பானையை வைத்து, ஒரே நேரத்தில் விளக்கேற்றினார்கள். படிக்கட்டின் வழியாக மேலிருந்து கீழ்வரை வேப்பிலை வாசனை இறங்கியது.

நோய் அடங்கிவிட்டது. கதவுகள் திறந்துவிட்டன. ஆனால் அந்த அம்மாவைப் போல் எத்தனையோ பேருக்கு ஊரடங்கு இன்னும் எடுக்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகச் சொல்கிறது. முதியவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். மாதாப்பூர், கச்சிபௌலி விடுதிகளில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, பகல் முழுக்க ஹெட்போனில் மீட்டிங் பேசிவிட்டு, ராத்திரி ஒரு பொட்டலம் பிரியாணியை மொபைலுக்கு முன்னால் வைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களிடம் தமிழில் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்க ஒருவர் வேண்டும். கேட்டுப் பாருங்கள், குரல் மாறிவிடும்.

என்ன செய்யலாம் என்று பெரிய திட்டமெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்: நேரம் தவறாமை. "அப்புறம் பேசுகிறேன்" என்பது தனியாக இருப்பவருக்கு எதையும் தருவதில்லை. "செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் பேசுகிறேன்" என்றால் திங்கட்கிழமையே அவருக்குத் துணை வந்துவிடுகிறது. காந்தி 1930இல் எரவாடா சிறையில் இருந்தபோது சபர்மதி ஆசிரமத்துக்கு வாரந்தோறும் செவ்வாய்க்கிழமைக் காலைப் பிரார்த்தனைக்குப் பின் ஒரு கடிதம் எழுதினார். சிறையை எரவாடா மந்திர் என்றுதான் குறிப்பிட்டார். சத்தியம், அகிம்சை முதலான விரதங்களைப் பற்றிய அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகவே வந்தன. சபர்மதியில் இருந்தவர்களுக்கு, இந்த வாரமும் வரும் என்ற நிச்சயம் அந்தக் கடிதத்தில் பாதி என்று நினைக்கிறேன். என் அம்மாவின் ஒன்பது மணியும் அப்படித்தான்.

கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வழக்கமாக வந்துகொண்டிருந்த ஒருவரை நாலு வாரமாகக் காணோம் என்றால் விசாரியுங்கள். பிரசாதத்தில் ஒரு பொட்டலம் கூட வாங்கி, அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். அன்றைக்கு என்ன அலங்காரம், யார் யார் வந்திருந்தார்கள், தேர் எந்தத் தெரு வழியாகப் போனது என்று சொல்லுங்கள். போக முடியாதவருக்குக் கோயில் அப்படித்தான் வீட்டுக்கு வரும். நற்கருணையை நோயாளி வீட்டுக்கே எடுத்துப்போகும் வழக்கம் கிறிஸ்தவர்களிடம் காலங்காலமாக இருக்கிறது. நாம் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

பேச யாருமே இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள், 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மனம் மிகவும் கனத்துப்போனால், எந்த வயதினரும் எந்த நேரத்திலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழைக்கலாம். இரண்டும் அரசின் உதவி எண்கள், கட்டணம் இல்லை. கூப்பிடுவதில் வெட்கம் எதற்கு? ராமதாசர் 12 வருடம் கூப்பிட்டார்.

அவர் குரல் எவ்வளவு தூரம் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். கோல்கொண்டாவின் இருட்டறையில் கிளம்பிய அந்தப் பாட்டுகள் காவிரிக் கரைக்கு வந்தன. திருவையாற்றில் தியாகராஜர், ராமதாசரின் கட்டை நீ அவிழ்த்தாயே என்று தன் கீர்த்தனை ஒன்றில் ராமனுக்கு நினைவூட்டுகிறார். இன்று தமிழ்நாட்டின் நாமசங்கீர்த்தன மேடைகளில் ராமதாசர் பாட்டு இல்லாமல் பஜனை நிறைவதில்லை. நாம் யாரும் பார்த்திராத அந்த மனிதர், நம் பாட்டிமார்களுக்கு ஏகாதசி ராத்திரிகளில் துணையாக இருந்திருக்கிறார்.

கோட்டையிலிருந்து இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. வாசலில் நானும் ஒருமுறை கைதட்டிப் பார்த்தேன். மேலே எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் யாரோ ஒருவர், முகம் தெரியாத தூரத்தில், கையை உயர்த்தி அசைத்தார்.

இந்தப் பங்குனி இதழ் உங்கள் கைக்கு வரும்போது ராமநவமி நெருங்கியிருக்கும். பத்ராசலம் போக முடியாதவர்களுக்கு, கல்யாணத்தில் தூவிய தலம்பிராலை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாட்டைத் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகம் 2022 முதல் செய்துவருகிறது. இரண்டு பாக்கெட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். ஒன்று எங்கள் வீட்டுக்கு. மற்றொன்றை நானே எடுத்துக்கொண்டு போய், நீலக் கடிதம் எழுதிய அம்மா வீட்டு மணியை அடிக்கப் போகிறேன். அம்மா, ராமநவமிக்கு அடுத்த ஞாயிறு, சாயங்காலம் நாலரை மணிக்கு வருகிறேன். காபி போட்டு வையுங்கள். சர்க்கரை அரை ஸ்பூன் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்